குடும்பத்தில் ஒருத்திக்குச் சம்பள உயர்வா?

கஞ்சர்களில் பல வகை உண்டு. பேருந்தில் டிக்கெட் எடுக்கும் நேரம் பார்த்துத் தூங்கிவிடுகிற கஞ்சன், விருந்தாளி தலை தெரிந்ததும் குழம்பில் தண்ணீரைக் கூட்டுகிற கஞ்சன், இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். தாங்கள் கஞ்சர்கள் என்பது அவர்களுக்கே தெரியும். நான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிற இனத்துக்கு அது தெரியாது. சம்பளத்தைப் பாசமாகக் கொடுத்துத் தீர்க்கிற இனம் இது. எங்கள் மணிலாவில் வாசலில் காவல்காரர் நிற்கிற எந்தக் குடியிருப்புக்குள் கல்லை விட்டெறிந்தாலும் இவர்களில் ஒருவர் தலையில்தான் விழும். விழட்டும்.

எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? குழந்தையைப் பார்த்துக்கொள்கிற யாயாவைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள், போதும். "யாயாவா? சேச்சே, அவ எங்க குடும்பத்தில ஒருத்திங்க!" என்று நெஞ்சில் கை வைப்பார்கள். குடும்பத்தில் ஒருத்திதான், ஆனால் மேசைக்கு வாசனை அரிசி, அவளுக்கு மட்டும் கல் பொறுக்க வேண்டிய அரிசி. குடும்பத்தில் ஒருத்திதான், ஆனால் அவள் படுக்கை சலவை இயந்திரத்துக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில். கடற்கரை விடுதிக்குப் போனால் "பாவம், அவளும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே" என்று அவளையும் கூட்டிப் போவார்கள். அவள் நாள் முழுக்கக் குழந்தையின் காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் மணலை எடுத்துவிட்டு, கடலில் ஒரு தடவைகூடக் கால் நனைக்காமல் திரும்பி வருவாள்.

இந்தப் பாசத்துக்கு ஒரு சோதனை வரும். அதன் பெயர் இரண்டாவது குழந்தை.

எங்கள் எதிர்வீட்டு ரோவேனா லக்சமானாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. என்ன வேலை என்கிறீர்கள்? யார் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவு செய்கிற வேலை. சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரி பிரசவ விடுப்பில் போய், அவள் வேலையில் பாதி தன் தலையில் விழுந்தபோது, "கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம், நான் என்ன பிச்சையா கேட்கிறேன்?" என்று மேலதிகாரியின் அறை வாசலை விட்டு நகராமல் நின்று, கூடுதல் படியை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். அந்த வீரக்கதை எங்கள் தெருவுக்கே மனப்பாடம்.

அவள் வீட்டு யாயா மிண்டா, சமார் தீவுக்காரி. மூத்தவன் மிகோவைப் பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவள். அவளுக்கும் ஒரு மகள் உண்டு. அவள் ஊரில் சித்தி வீட்டில் வளர்கிறாள். அந்தப் பெண் இந்த வருடம் உயர்நிலைப் பள்ளியில் சேர வேண்டும். பள்ளி இருப்பது படகேறிப் போகிற நகரத்தில். அங்கே தங்க ஓர் அறை எடுக்க வேண்டும். அறை கிடைத்தால் பெண் படிப்பாள். கிடைக்காவிட்டால் அவளும் ஒரு நாள் மணிலாவுக்குக் கப்பலேறி யார் வீட்டுக் குழந்தையையாவது தூக்கிக்கொண்டு நிற்பாள். மிண்டாவுக்கு வேண்டியிருந்தது அந்த அறை வாடகை, அவ்வளவுதான்.

ரோவேனாவுக்கு அமாரா பிறந்து, இரவுத் தூக்கமும் மிண்டாவின் கணக்கில் சேர்ந்த பிறகு, அவள் ஒரு நாள் மெல்லப் பேச்செடுத்தாள்.

"மேடம், இப்ப ரெண்டு குழந்தை ஆயிடுச்சு. சம்பளத்தைக் கொஞ்சம் பாத்துப் போட்டீங்கன்னா..."

"இதெல்லாம் ஒரு வேலையா மிண்டா? அது பாட்டுக்குத் தூங்கிட்டுக் கிடக்கு. நடக்க ஆரம்பிக்கட்டும், அப்ப பாக்கலாம்."

"நடக்க ஆரம்பிச்சா ஏத்தித் தருவீங்களா மேடம்?"

"நடக்க ஆரம்பிச்சா ரெண்டும் சேர்ந்து விளையாடிக்கும். உனக்கு வேலையே இருக்காதே!"

பார்த்தீர்களா அழகை? குழந்தை படுத்திருந்தால் வேலை இல்லை, எழுந்து ஓடினாலும் வேலை இல்லை. சோபாவில் சாய்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த கணவன் ஜோயெலும் தன் பங்குக்கு வாயைத் திறந்தான்.

"டயப்பர் என்ன விலை விக்குது தெரியுமா மிண்டா?"

"தெரியும் சார். நான்தானே வாங்கிட்டு வர்றேன்."

ஜோயெல் மறுபடி கைபேசிக்குள் போய்விட்டான். ஆனால் ரோவேனாவுக்கு உறுத்தியது. இப்படி ஒரு தடவை கேட்ட யாயா அடுத்த தடவை பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் கேட்பாள் என்பது சம்பளம் போடுகிறவளுக்குத் தெரியாதா? யோசித்தாள். காசு செலவில்லாமல் மிண்டாவைக் கட்டிப்போட வழி கண்டுபிடித்தாள்.

"மிண்டா, உனக்கு ஒரு சந்தோஷமான விஷயம் வச்சிருக்கேன். அமாரா ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தாய்!"

எங்கள் ஊரில் ஞானத்தாயாக இருக்கச் சொன்னால் மறுக்கக் கூடாது. மறுத்தால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். வெறுங்கையோடும் போக முடியாது. ஞானப்பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும், அதன் பிறகு கிறிஸ்துமஸ் தோறும் செய்ய வேண்டும். ஆக, சம்பள உயர்வு கேட்கப் போனவள் ஆயுள் முழுக்க ஒரு செலவை வாங்கிக்கொண்டு வந்தாள். மகளின் பள்ளிக்கூடக் காலணிக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் அமாராவுக்குப் பொட்டுத் தங்கத்தில் தோடு வாங்கினாள். ரோவேனா அதைப் படம் பிடித்து, "குடும்பம் என்றால் இதுதான்" என்று முகநூலில் போட்டாள். நானூறு பேருக்கு மேல் இதயம் போட்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் ஞானப்பெற்றோர் ஒன்றிரண்டு பேரோடு நிற்காது. அமாராவுக்கு மொத்தம் பதினான்கு பேர். ரோவேனாவின் மேலதிகாரி, ஒரு கவுன்சிலர், பின்தெருப் பல் டாக்டர் கிளாரிஸா, நான், இப்படிப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது. கோயிலில் எல்லோரும் பட்டும் சரிகையுமாக மெழுகுவர்த்தி பிடித்து நின்றோம். மிண்டா மட்டும் யாயா சீருடையில் நின்றாள். "வெள்ளைதானே, ஞானஸ்நானத்துக்குப் பொருத்தமா இருக்கும்" என்று ரோவேனா சொல்லிவிட்டாளாம்.

விருந்தில்தான் ரோவேனா ஒரு தப்புச் செய்தாள். ஞானத்தாயை அடுப்படிப் பக்கம் உட்கார வைத்தால் படத்தில் எப்படி வருவாள்? எனவே ஞானப்பெற்றோர் மேசையில், எனக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் அவளே கைப்பிடித்து உட்கார வைத்தாள், படம் எடுத்தாள், பிறகு மேலதிகாரியின் தட்டில் பன்றி வறுவல் குறைந்திருப்பதைக் கண்டு அந்தப் பக்கம் ஓடினாள். மிண்டாவை எழுப்ப மறந்துவிட்டாள்.

பல் டாக்டரின் யாயா அப்போதுதான் வேலையை விட்டுவிட்டு ஹாங்காங்குக்குப் பிழைக்கப் போயிருந்தாள். டாக்டர் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"ரெண்டு குழந்தையையும் நீங்க ஒருத்தியேதான் பாக்குறீங்களா?"

"ஆமா டாக்டர்."

"அப்ப ரெண்டாவது பொறந்ததுக்கு நல்லா ஏத்திக் குடுத்திருப்பாங்களே?"

மிண்டா மொறுமொறு என்றிருந்த பன்றித் தோலைக் கடித்தபடி சொன்னாள்: "குடுத்தாங்க டாக்டர். இந்த நாற்காலியைக் குடுத்தாங்க."

டாக்டருக்குப் புரையேறிவிட்டது. நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அதன் பிறகு இருவரும் தலையைச் சாய்த்துக்கொண்டு பேசியது என் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் ரோவேனாவிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த மாதக் கடைசியில் ரோவேனா எனக்குப் போன் செய்தாள். "உடனே வாங்கக்கா, மிண்டாவுக்குப் பித்துப் புடிச்சிருக்கு!" போனேன். கூடத்தில் மிண்டா பையோடு நின்றாள்.

"மாரே, நான் டாக்டர் வீட்டுக்கு வேலைக்குப் போறேன்."

ரோவேனாவுக்கு மூச்சு நின்றது. போகிறேன் என்றதற்கல்ல, மாரே என்றதற்கு. குழந்தையின் தாயும் ஞானத்தாயும் எங்களூரில் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அங்கே மேடம் கிடையாது. உறவைக் கட்டியவள் இதை யோசித்திருக்க வேண்டும்.

"ஞானமகளை விட்டுட்டுப் போக உனக்கு எப்படிடி மனசு வருது? நாங்க என்னைக்காவது உன்னை வேலைக்காரியா நடத்தியிருக்கோமா?"

"இல்லை மாரே. வேலைக்காரியா நடத்தியிருந்தா சம்பளம் ஏத்தியிருப்பீங்க."

"அப்ப அமாரா?"

"அவளுக்குப் பதினாலு ஞானப்பெத்தவங்க இருக்காங்க. இதோ அக்காவும் ஒருத்தங்க. யாராவது வந்து டயப்பர் மாத்துறாங்களா? நானும் அவங்களை மாதிரியே கிறிஸ்துமஸுக்கு வந்து பாத்துட்டுப் போறேன்."

அதுவரை நன்றாகத்தான் பேசினாள். பிறகு மிகோ ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது மிண்டாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. சமாரில் தன் மகளின் விரல்களையும் அவள் ஒரு நாள் இப்படித்தான் பிரித்துவிட்டு வந்திருப்பாள். அந்தப் பெண் இப்போது டாக்டர் வீட்டுச் சம்பளத்தில் நகரத்தில் அறையெடுத்துப் படிக்கிறாள்.

ரோவேனா? யாயா தேவை என்று விளம்பரம் கொடுத்தாள். இரண்டு குழந்தைகள் என்பதால் நல்ல சம்பளம் என்றும் போட்டிருந்தாள். எவ்வளவு தெரியுமா? மிண்டா கேட்டதை விட அதிகம். முன்பின் தெரியாதவளுக்குக் கொடுக்க மனசு வந்தது. புதிதாக வந்த பெண்ணிடம், "உன்னை எங்க குடும்பத்தில ஒருத்தியாத்தான் வச்சுக்குவோம்" என்று நெஞ்சில் கை வைத்திருக்கிறாள். அந்தப் பெண் கெட்டிக்காரி. "அப்படின்னா சொன்ன சம்பளத்தில எவ்வளவு குறையும் மேடம்?" என்று கேட்டாளாம்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ரோவேனாவைப் பார்த்துச் சிரித்தீர்கள், ஜோயெலைத் திட்டினீர்கள், மிண்டாவுக்காக உச்சுக் கொட்டினீர்கள். இதையெல்லாம் நிதானமாக உட்கார்ந்து கடைசி வரி வரை படிக்க உங்களுக்கு நேரமும் கிடைத்திருக்கிறது. நல்லது. இவ்வளவு நேரமும் உங்கள் குழந்தையை யார் வைத்துக்கொண்டிருக்கிறார்?