சிங்கத்தின் இடது காது

எனக்கு ஓரகத்தியாக வாய்த்த அன்புள்ள தங்கச்சிக்கு, அக்கா எழுதிக்கொண்டது.

இங்கு நானும் பிள்ளைகளும் சுகம். அங்கு உன் முழங்கால் வலி தேவலையா? எதற்கும் இதை உட்கார்ந்துகொண்டே படி. நின்று படித்து விழுந்தால் அந்தப் பழியும் என் தலையில்தான் விடியும்.

விஷயம் என்னவென்றால், நான் ஜெயித்துவிட்டேன். மியூசியத்தில் நுழைந்ததும் வலது கைப்பக்கம் ஒரு கற்சிங்கம், ஆயிரம் வருஷப் பழசு, இடது காது இல்லாதது, "கண்டெடுத்தவர்" என்று உன் வீட்டுக்காரர் பெயரைச் சுமந்துகொண்டு ஐம்பத்திரண்டு வருஷமாய் நிற்கிறதே, அதைக் கண்டெடுத்தது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் கொல்லையில் துவைக்கிற கல்லடியில் தண்ணீர் தேங்குகிறதே என்று கடப்பாரையை எடுத்து வாய்க்கால் வெட்டி, மண்ணுக்குள் கிடந்த சிங்கத்தை வெளியே எடுத்தது நான். செவ்வாய்க்கிழமை. நீ பச்சைப் புடவையில் ஜன்னலோரம் நின்று தலை வாரிக்கொண்டு, "தூசி பறக்குதுக்கா" என்று கதவைச் சாத்தினாயே தவிர, ஒரு கூடை மண் அள்ளிப் போட்டாயா? உன் வீட்டுக்காரர் உள்ளே குறட்டை. பேப்பர்காரர் போட்டோ எடுக்க வந்தபோது மட்டும் சிங்கத்தின் முதுகில் கையைப் போட்டுக்கொண்டு, பெற்ற பிள்ளை மாதிரி நின்றார். அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டதும் நான்தான். இத்தனை வருஷமாய் நான் வாயைத் திறந்தாலே "அக்காவுக்கு ஞாபகப் பிசகு" என்று உறவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நீ.

இப்போது பக்கத்து ஊர்க்காரர்கள் கிளம்பினார்கள். சிங்கம் எங்கள் கோட்டையில் இருந்தது, எவனோ வண்டியில் தூக்கிப் போய்விட்டான், திருப்பிக் கொடு என்று. மியூசியத்தில் விசாரணை வைத்து, ஆதாரம் உள்ளவர்கள் வரலாம் என்று பேப்பரில் போட்டிருந்ததைப் பேத்தி படித்துச் சொன்னாள். சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அங்கே அந்த ஊர் வக்கீல், கறுப்புக் கோட்டும் வியர்வையுமாய், "எதிரிப் படை எங்கள் கோட்டைக்குள் புகுந்தபோது வெட்டுப்பட்ட காது ஐயா இது! இந்தத் தழும்பே சாட்சி!" என்று அழாத குறையாய் முழங்குகிறார். மியூசியம் அதிகாரி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "தம்பி, அந்தப் படை நான்தான்"னேன்.

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. வக்கீல், "பாட்டி, உக்காருங்க, இது வரலாறு"ன்னார். "வரலாறு என் பையில இருக்கு, கொஞ்சம் தள்ளு"ன்னு நேரே சிங்கத்துக்கிட்ட போய், காதை எடுத்து வெச்சேன். தாழ்ப்பாள் விழுற மாதிரி டக்குனு உக்காந்துது பாரு, மயிரிழை சந்து இல்லை! கடப்பாரை பட்டு உடைஞ்சதும், மாமியார் திட்டுவாங்களேன்னு முந்தானையில முடிஞ்சு ஒளிச்சு வெச்ச காது. அப்புறம் கதவுக்கு முட்டாச்சு. அந்த மாமியாரே அதுல நூறு தடவை கால் இடிச்சுக்கிட்டாங்க, இது ஏதுடி கல்லுன்னு ஒரு நாள் கேக்கலை. வக்கீல் லேசுல விடுவாரா? "காது எங்கேயும் கிடைச்சிருக்கலாமே"ன்னார். "கிடைக்கலாம். சிங்கத்தோட அடிவயித்துல கடப்பாரை உரசின கோடு மூணு இருக்கும், மூணாவது கொஞ்சம் வளைஞ்சிருக்கும், குனிஞ்சு பாரு"ன்னேன். குனிஞ்சவர் நிமிரவே ரொம்ப நேரமாச்சு.

அதிகாரி என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். "சிங்கம் எங்கேயும் போகாதும்மா. பலகையை மாத்திடறோம், உங்க பேரைச் சொல்லுங்க"ன்னார். "பேர் எதுக்கு? மூத்த மருமகள்னு போடுங்க. புரிய வேண்டியவளுக்குப் புரியும்"னேன். நேற்று புதுப் பலகை மாட்டினார்கள். நான் கண்ணாடி எடுத்துப் போகவில்லை, மேலே எல்லாம் பொடி எழுத்து. ஆனால் கடைசியில் "மூத்த மருமகள்" மட்டும் கொட்டை எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அது போதும். பேத்தியை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு, தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

நீ கட்டாயம் வந்து பார்க்க வேண்டும். முழங்காலைச் சாக்குச் சொல்லாதே. பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரிலேயே வாசல். படி நான்கே நான்கு, உனக்காகவே எண்ணிவிட்டு வந்தேன்.

உன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். இன்று மனசு நிறைந்திருப்பதால் உனக்கும் உண்டு.

இப்படிக்கு,
மூத்த மருமகள்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் பேத்தி அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தாள். "கண்டெடுத்தவர்" என்ற இடத்தில் உன் வீட்டுக்காரர் பெயர் அப்படியே இருக்கிறதாம். அதற்குக் கீழே, "காதை உடைத்தவர்: மூத்த மருமகள்." நாளைக் காலையில் மியூசியம் திறக்கும்போது முதல் ஆளாய் நான் நிற்பேன். அதுவரை நீ அவசரப்பட்டுக் கிளம்பாதே. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எதற்கு அலைச்சல்? படியும் நாற்பதுக்குக் குறையாது. எனக்குத்தான் ஞாபகப் பிசகு.