கும்மிடிப்பூண்டிக் காற்றின் பத்தாண்டுப் போக்கு

மேன்மை தங்கிய அரசாங்கம், 1967-ஆம் ஆண்டில், கிராமப்புறக் காற்றின் நெடுங்காலப் போக்கை அறிந்தே தீருவதென்று முடிவு செய்தது. அதன்பொருட்டு ஒரு கண்ணாடி ஜாடியும், ஒரு தராசும், யதிராஜன் என்ற அளவையாளரும் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பி வைக்கப்பட்டார்கள். ஜாடியும் தராசும் நிரந்தரச் சொத்துப் பதிவேட்டில் ஏறின. யதிராஜன் மட்டும் தற்காலிகம்.

வேலை சுலபமானது. திறந்தவெளியில், பன்னிரண்டடி உயரத்தில் ஜாடியை வைக்க வேண்டும். மாதம் முடிந்ததும் அதில் விழுந்த தூசியை நிறுத்து எழுத வேண்டும். பத்து வருஷம் விடாமல் எழுதி, அறிக்கையும் ஏற்கப்பட்டால் யதிராஜன் நிரந்தரமாவார். அதுவரை திருவள்ளூர்ச் சொந்தக்காரர்களுக்கு அவர் டெம்பரரிதான். மாமனாரே கல்யாண வீடுகளில், "இவர் நம்ம மாப்பிள்ளை, டெம்பரரி" என்றுதான் அறிமுகம் செய்து வைப்பார். பாவம், மனுஷர் அதை நினைத்தே பாதி இளைத்துப்போனார்.

மரமும் மாடியும் மறைக்காத இடமாக ஊரில் அகப்பட்டது ஒன்றே ஒன்று. பழவேற்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த செல்லியம்மாள் கருவாடு காயவைக்கும் களம். அங்கே சவுக்குக் கம்பம் நட்டுப் பலகை அடித்து, செல்லியம்மாளை விட்டே ஜாடியை ஏற்றச் சொன்னார்கள். யதிராஜனோ கோயில் மடப்பள்ளிக் குடும்பம். களத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல், சாலையோர மைல்கல் அருகிலேயே நின்றுகொண்டார். காற்றை ஆராய வந்த அதிகாரி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நிற்பதை ஊர் வேடிக்கை பார்த்தது. மாதக் கடைசியில் செல்லியம்மாள் ஏணி போட்டு ஜாடியை இறக்கி, மைல்கல் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். இவர் அதை எடுத்துக்கொண்டு போய், நிறுத்துவிட்டு, மறுபடி மைல்கல் மேலேயே வைத்துவிடுவார். அறிவியலும் வளர்ந்தது, ஆசாரமும் கெடவில்லை.

முதல் மாத ஜாடியில் மூன்று கிராம் தூசி, ஒரு காக்கை இறகு, ஒரு நெத்திலித் தலை. நெத்திலியைக் கண்டதும் யதிராஜன் துள்ளிக் குதித்தார்.

"இது கவர்ன்மெண்ட் ஜாடிம்மா! கண்டதெல்லாம் விழாம பாத்துக்க வேண்டாமா?"

"காக்கா போட்டுட்ச்சி அய்யரே. இனிமே ஒரு துரும்பு உழாது, நான் பாத்துக்கறேன்" என்றாள் செல்லியம்மாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அடுத்த மாதம் தூசி சூனியம். அதற்கடுத்த மாதமும் சூனியம். இரண்டு வருஷம் சூனியத்தையே நிறுத்து எழுதினார் யதிராஜன். சென்னையில் அதிகாரிகள் அசந்துபோனார்கள். இவ்வளவு சுத்தமான காற்று சும்மா வீசிக்கொண்டிருப்பது தேசத்துக்கு நஷ்டமல்லவா? அறுபத்தொன்பதில் முதல் இரும்பு உருக்காலை வந்தது. எழுபத்தாறுக்குள் ஆலைக்கொன்றாக ஐந்து புகைபோக்கிகள் எழும்பின. ஜாடியில் தூசி அப்போதும் சூனியம்.

வீட்டில்தான் ஒரு சிறு கருத்து வேறுபாடு.

"வேஷ்டியை வெளுப்பா உலர்த்தறேன், கறுப்பா எடுக்கறேன். என்னன்னா இது?" என்றாள் மனைவி கோதைநாயகி.

"காத்துல தூசி இல்லை. சோப்பை மாத்து."

"ராத்திரியெல்லாம் இருமறேளே?"

"நீ ரசத்துல மிளகை ஜாஸ்தி போடறே."

கோதைநாயகி சோப்பையும் மாற்றினாள், மிளகையும் குறைத்தாள். வேஷ்டியும் இருமலும் ஒத்துழைக்க மறுத்தன.

திருவள்ளூரில் கண்காணிப்பாளர் ஸம்பத்குமார் ஒரு வரைபடம் போட்டார். அதைப் பார்த்து அவருக்கே புல்லரித்துவிட்டது.

"ஓய் யதிராஜன், இங்கே பாரும். புகைபோக்கியே இல்லாதப்போ மூணு கிராம். அஞ்சு இருக்கறப்போ ஒண்ணுமில்லை. இதுலேர்ந்து என்ன தெரியறது?"

"நீங்கதான் சொல்லணும் ஸார்."

"புகைபோக்கி காத்தைச் சுத்தம் பண்றதுங்காணும்! புகை மேலே போறச்சே தூசியையும் கையோட அழைச்சுண்டு போயிடறது."

நெல் தூற்றும் தூசியால் அவதிப்படும் திருவாலங்காட்டுக்கும் அவசர நிவாரணமாக இரண்டு புகைபோக்கிகள் வழங்கலாம் என்று அன்றே பரிந்துரை போயிற்று.

எழுபத்தேழில் பத்தாண்டு அறிக்கை தயாரானது. ஜாடி இருக்குமிடத்தில் வைத்தே ஒரு போட்டோவும் எடுத்து இணைக்க வேண்டுமென்று மேலிடம் கேட்டது. வேறு வழியில்லாமல் யதிராஜன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாகக் களத்துக்குள் கால் வைத்தார். அண்ணாந்து பார்த்தார். ஜாடியின் வாயில் ஓர் அலுமினியத் தட்டு கவிழ்ந்திருந்தது. தட்டின் மேல் ஒரு கருங்கல். இரண்டின் மேலும் விரற்கடை கனத்துக்குக் கரி.

"அது என்னம்மா தட்டு?"

"மூடி அய்யரே. நீதானே எதுவும் உழாம பாத்துக்கன்ன? பத்து வருசமா மூடி வச்சிக்கினு, மாசா மாசம் புளி போட்டுத் தேச்சிக் கய்விக் குடுக்கறேன். இன்னா, சுத்தம் பத்தலியா?"

யதிராஜனுக்கு அப்போதுதான் புரிந்தது. பத்து வருஷ சூனியமும் அவளுடைய தட்டின் கைங்கரியம்! உண்மையை எழுதினால் அறிக்கை போகும், வேலையும் போகும். எழுதாவிட்டால் மனசு கேட்காது. மனசு கேட்காதபடியால் அடுத்த பஸ் ஏறி ஸம்பத்குமாரிடம் ஓடினார்.

ஸம்பத்குமார் பதறவே இல்லை. விதிப்புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார்.

"ஜாடி பன்னிரண்டடி உயரத்துல இருக்கா?"

"இருக்கு ஸார்."

"வாய் ஆறு அங்குலமா?"

"ஆமாம் ஸார்."

"மூடக்கூடாதுன்னு விதி எங்கேயாவது இருக்கா? இல்லை. அப்புறம் என்ன? போட்டோவை ஜாடி வாய்க்கு மேலே வராம எடும், தட்டு தெரியாது. அஞ்சு ஆலை ஒரு ஜாடியை நம்பி வந்திருக்கு ஓய். இப்போ போய் மூடியைத் திறந்தா நன்னாயிருக்குமா?"

மனசு ஒருவாறு கேட்டது. யதிராஜன் கையெழுத்திட்டார். அறிக்கை ஏற்கப்பட்டது. "உடற்தகுதிச் சான்றிதழ் பெற்றதும், கும்மிடிப்பூண்டியிலேயே நிரந்தரமாகப் பணியமர்த்தப்படுவார்" என்று உத்தரவும் வந்தது.

உள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டர் மோசஸ், யதிராஜனின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் சுருங்கிற்று.

"நெஞ்சு முழுக்கத் தூசி சார்."

"அப்படியே எழுதிடுவேளா?" என்று பதறினார் யதிராஜன்.

"எப்படி எழுதறது? போன மாசம் தூசின்னு பத்துப் பேருக்கு எழுதினேன். ஊர்க் காற்றில் தூசியே இல்லை, தவறான சான்றிதழ் தரக்கூடாதுன்னு மெமோ வந்துடுச்சு. கூடவே உங்க அறிக்கை." டாக்டர் அதை எடுத்து நீட்டினார். "கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான்."

"அப்ப ரெண்டே வழிதான். பீடிப் பழக்கம்னு எழுதணும். இல்லேன்னா ஆரோக்கியம்னு எழுதணும்."

மடப்பள்ளிக் குடும்பத்தில் பீடியா! யதிராஜன் ஆரோக்கியத்தைத் தேர்ந்தெடுத்தார். டாக்டர் முத்திரை குத்தினார். அந்தக் கணம் முதல் யதிராஜன் நிரந்தரம்.

வெளியே வந்தால் ஐம்பது அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு விதமாக இருமல். நடுவில் செல்லியம்மாள். யதிராஜனுக்குத் துக்கம் தொண்டையை அடைத்தது. துக்கத்தோடு வேறு எதுவோ சேர்ந்து அடைத்துக்கொள்ள, சுவரைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து இருமினார். அடக்க முடியவில்லை.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. செல்லியம்மாள் பதறிப்போய் ஓடி வந்தாள்.

"மெதுவா இருமு அய்யரே! ஆறாவது கம்பெனிக்கு எடம் பாக்க ஆபீசருங்க வந்துகிறாங்க, தெருவுலதான் நிக்கிறாங்க. எம்புள்ளைக்கு வேலைக்கு எய்திப் போட்டுகிறேன். நீ இப்டி இருமுறது அவங்க காதுல உய்ந்திச்சின்னா, கம்பெனிய ஆரணிக்காரன் இஸ்துக்கினு பூடுவான்."

"ஆமா சார், கொஞ்சம் அடக்கிக்க சார்" என்றது வரிசை, வாயைப் பொத்திக்கொண்டு.