மலை மண்ணில் விழுந்த மாப்பிள்ளை மோதிரம்

செய்கிற வேலை ஷிப்ட் முடிந்ததும் நம்மை விட்டுவிடும் என்று நினைப்பது வெறும் பேராசை. பஸ் ஓட்டுகிறவர் பயணியாக உட்கார்ந்தாலும் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் வருவார். தையல்காரர் கல்யாணத்துக்குப் போனால் பெண்ணைப் பார்க்கமாட்டார், ஜாக்கெட்டின் தோள்பட்டையைத்தான் பார்ப்பார். நான் மண்ணைக் கண்டால் பிடித்துப் பார்ப்பேன்.

ஒரகடத்தில் இரும்பு வார்க்கும் ஒரு கம்பெனியில், மணல் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. உருகிய இரும்பை ஊற்றுகிற அச்சு மணலால் ஆனது. அந்த மணலில் ஈரம் சரியாக இருக்கிறதா, பருமன் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பாடு. அதற்கு மெஷின்கள் ஆயிரம் இருந்தாலும் முதல் சோதனை கையால்தான். ஒரு பிடி மணலை எடுத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். கையை விரித்தால் விரல் தடம் பதிந்திருக்க வேண்டும். இரண்டாக உடைத்தால் சுத்தமாக உடைய வேண்டும். (புட்டு மாவையும் நான் இப்படித்தான் பார்ப்பேன். கல்யாணமாகி வந்த புதிதில் குன்றத்தூர் வீட்டுச் சமையலறையில் என் மாமியார் இதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மாவு பாஸா பெயிலா?" என்று கேட்டார்.)

இப்படிப்பட்ட நான் தேனிலவுக்கு மணாலி பக்கம் போனேன். தப்பு என்மேல் பாதி, அனுப்பி வைத்தவர்கள்மேல் பாதி.

என் வீட்டுக்காரர் குணாவுக்குப் பனி பார்க்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. டயர் கம்பெனியில் லைன் சூப்பர்வைசரான அவர், ஓ.டி. பார்த்து, கெஞ்சி, சண்டை போட்டு லீவு வாங்கியிருந்தார். டெல்லிவரை ரயில், அங்கிருந்து பஸ், அப்புறம் ஒரு ஜீப். மலைக்கிராமத்தில் ஒரு வீட்டு மாடியில் எங்களுக்கு அறை. வீட்டுக்காரம்மா பெயர் கம்லா. அவருக்கு இந்தியைத் தவிர வேறு தெரியாது. எங்களுக்கு இந்தி மட்டும் தெரியாது. குணாவுக்கு மட்டும் லைனில் வேலை செய்கிற பையன்களிடம் பொறுக்கிய ஏழெட்டு வார்த்தைகள் உண்டு. அவற்றில் பாதி "சீக்கிரம்", "தூக்கு" வகையறா.

மறுநாள் காலை பனி இருக்கும் உச்சிக்கு ஜீப் வருவதாக ஏற்பாடு. ஜீப் தாமதம். சும்மா இருக்கிற கை எனக்குக் கிடையாதே. வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் தோட்டம், அதற்கு மேல் தேவதாரு மரக்காடு. இரண்டுக்கும் நடுவில், படிக்கட்டின் ஒரு படியைப் போல நிலம் தட்டையாக இருந்தது. அதன் ஓரத்தில் மண் சரிந்து, உள்ளே இருப்பது அடுக்கடுக்காகத் தெரிந்தது. நான் போய்க் குந்திக்கொண்டேன்.

மேலே உதிர்ந்த ஊசி இலைகள், மெத்தை மாதிரி. அதற்குக் கீழே காப்பித்தூள் நிறத்தில் பொலபொலவென்று ஒரு கறுப்பு மண், ஈரமாக, காளான் வாசனையோடு. அதற்கும் கீழே பழுப்பு. அப்புறம் பார்த்தால் கல், கல், கல். எல்லாம் வழவழவென்று உருண்டைக் கல். ஒரு பிடி எடுத்து இறுக்கினேன். மண் விரல் இடுக்கில் வழிந்து ஓடியது, கையில் மூன்று கூழாங்கல் மிச்சம். படுதோல்வி. எங்கள் கம்பெனியில் இந்த மணல் வந்திருந்தால் லாரியோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆனால் ஒரு விஷயம் மண்டையைக் குடைந்தது. தண்ணீரில் உருண்டால்தான் கல்லுக்கு இந்த வழவழப்பு வரும். ஓடையோ எங்கோ கீழே பள்ளத்தில் சலசலத்துக்கொண்டிருக்கிறது. ஆற்றுக்கல் இவ்வளவு மேலே, காட்டுக்குள் எப்படி ஏறி வந்தது? ஒரு குச்சியை எடுத்துக் குடைய ஆரம்பித்தேன். குளிரில் மூக்கு ஒழுகியது, விரல் மரத்தது. அதெல்லாம் யாருக்குக் கவலை.

"இன்னா சுமதி பண்ணினு கீற? ஜீப் வர்ற டைமு!" குணா ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார்.

"ஒரு நிமிஷங்க. இந்தக் கல்லு எப்படி வந்துச்சுன்னு பார்த்துட்டு வந்துடறேன்."

அந்த நேரம் பார்த்து கம்லா அக்கா வந்தார். புதுப்பெண் முழங்கால் வரை மண்ணாகக் குந்தியிருப்பதைப் பார்த்து, "க்யா ஹுவா?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது. "என் பெண்டாட்டி மண் பார்க்கிறாள்" என்று ஒரு புது மாப்பிள்ளை எந்த மொழியில் சொல்வான்? சொன்னால்தான் என்ன நினைப்பார்கள்? குணாவுக்கு வியர்த்தது. (அந்தக் குளிரில்!) பிறகு அவர் என் வெறும் விரலைச் சுட்டிக் காட்டினார், மண்ணைக் காட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

மணல் வேலைக்காரி நான் மோதிரம் போடுவதில்லை. கம்லா அக்கா என் விரலைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார். "அங்கூட்டி!", மோதிரம் தொலைந்துவிட்டது என்று அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் போட்ட கூச்சலில் மலை எதிரொலித்தது.

நல்ல மனிதர்கள் நிறைந்த ஊரில் பொய் சொல்லக் கூடாது. சற்று நேரத்தில் மண்வெட்டி வந்தது, கூடை வந்தது, கோதுமை சலிக்கிற சல்லடை வந்தது, அக்கம்பக்கமே வந்தது. கடைசியில் வந்த ஜீப் டிரைவரும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கையில் ஒரு கடப்பாரையோடு இறங்கினார்.

எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். நான் குச்சியால் வருஷம் முழுக்கக் குடைந்தாலும் கிடைக்காத பள்ளம் கண் முன்னால் விரிகிறது! உள்ளே போகப் போகக் கல்லெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது, இடையில் மணல் கோடு. தோண்டிப் போடும் ஒவ்வொரு புது அள்ளிலும் ஒரு பிடி எடுத்து, சால்வைக்குள் மறைத்த பையை நைசாக நிரப்பிக்கொண்டே இருந்தேன்.

குணாவின் கண் மட்டும் வானத்தில். மதியத்துக்கு மேல் உச்சிக்கு வண்டியை விடமாட்டார்களாம். இந்தக் கூட்டத்தைக் கலைக்க ஒரே வழி, மோதிரம் கிடைத்துவிட வேண்டும். அவர் விரலில்தான் ஒன்று இருந்ததே! நெல் பயிரிடுகிற என் அப்பா பல வருஷம் தன் விரலில் போட்டிருந்து, கல்யாணத்தன்று கழற்றி மாப்பிள்ளைக்குப் போட்டது. ஓரத்தில் ஒரு நசுங்கல்கூட உண்டு. குணா யாருக்கும் தெரியாமல் அதைக் கழற்றிப் பள்ளத்தின் விளிம்பில் போட்டார். குனிந்து எடுத்து "மிலா!", கிடைத்துவிட்டது என்று கத்துவதாகத் திட்டம். அவர் குனிவதற்குள் ஜீப் டிரைவர் அதே இடத்தில் மண்வெட்டியைப் போட்டு, ஒரே அள்ளில் கல்லும் மண்ணுமாகத் தூக்கிக் குவியலில் வீசினார்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனுஷன் திடீரென்று குவியலில் விழுந்து இரண்டு கையாலும் வாரியதைப் பார்த்துக் கூட்டமே நெகிழ்ந்தது. பெண்டாட்டிமேல் எவ்வளவு பாசம்! கம்லா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு அப்போதுதான் கல்லின் மர்மம் பளிச்சென்று புரிந்தது. ஓடிப்போய் அவர் தோளைத் தட்டினேன். "ஏங்க, கல்லு மேல ஏறி வரலீங்க! ஓடைதாங்க கீழ போயிருக்கு! ஒரு காலத்துல ஓடை இதே இடத்துல ஓடிச்சு. அறுத்து அறுத்துப் பள்ளத்துக்குப் போய்டுச்சு. அப்புறமா இது மேல காடு வளர்ந்துச்சு!"

குணா நிமிர்ந்தார். முகம் முழுக்க மண். "சுமதி," என்றார் மெதுவாக, "உங்கப்பா மோதிரம் போச்சுடி."

அதற்கப்புறம் நிஜமாகவே தேடினோம். ஆனால் அந்த மண்ணின் குணம் எனக்குத் தெரியுமே, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் எது விழுந்தாலும் அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இருட்டும்வரை சலித்தும் கிடைக்கவில்லை. பனியும் பார்க்கவில்லை. மறுநாள் கிளம்பும்போது கம்லா அக்கா தன் போன் நம்பரைக் கொடுத்து, குணாவின் நம்பரையும் வாங்கிக்கொண்டு, நாங்கள் தேடிக்கொண்டே இருப்போம் என்று ஜாடை காட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். டெல்லி ஸ்டேஷன் படிக்கட்டில் பெட்டியைத் தூக்கிய குணா, "இதுல இன்னாதான் வெச்சிருக்க?" என்று கேட்டபோது, ஸ்வெட்டருங்க என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.

ஊர் வந்ததும் அப்பாவின் கண் நேராக விரலுக்குத்தான் போனது. "இன்னா மாப்ள, வெறும் விரலா கீது?"

"லைன்ல மோதிரம் போட வுட மாட்றாங்க மாமா. சேப்டி."

எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகளைக் கடவுளுக்கு அடுத்தபடி காப்பாற்றுவது கம்பெனி சேப்டி விதிதான். ஆனால் சேரப்பணஞ்சேரியில் என் தம்பிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அன்றைக்கு லைனைக் காரணம் சொல்ல முடியாது. அப்பா தன் விரலிலிருந்து கழற்றிக் கொடுத்ததைத் தொலைத்தோம் என்று சொல்ல இருவருக்கும் நாக்கு எழவில்லை. நசுங்கலோடு வேறு மோதிரம் செய்யவும் முடியாது. குணாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கம்லா அக்கா போன் செய்தால்கூட எடுக்கமாட்டார்.

நிச்சயத்துக்கு முந்தின வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் சோதனைக் கூடத்தில் யாருமில்லை. மறைத்து வைத்திருந்த மலை மண்ணைக் காயவைத்து, சல்லடை அடுக்கில் கொட்டி மெஷினைப் போட்டேன். துக்கத்திலும் அதன் பருமன் என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசை போகவில்லை, என்ன செய்ய? மெஷின் குலுங்கியது. கல் உருளும் கடகட சத்தத்துக்கு நடுவில் 'டிங்' என்று ஒரு சத்தம். கல் அப்படிப் பேசாது. மெஷினை நிறுத்தி மூடியைத் திறந்தேன். மேல் சல்லடையில், கூழாங்கற்களுக்கு நடுவே, நசுங்கலோடு உட்கார்ந்திருந்தது அப்பாவின் மோதிரம். குணா குவியலில் விழுவதற்கு முன்பே, டிரைவர் வீசிய அந்த அள்ளிலிருந்தும் ஒரு பிடி என் பைக்குள் போயிருக்கிறது.

அன்று மாலை குணாவின் விரலில் மாட்டிவிட்டேன். அவர் அழுதார். அழுதுகொண்டே, "அப்ப அந்தப் பெட்டி வெயிட்டு?" என்று கேட்டார்.

நிச்சயம் தடபுடலாக நடந்தது. குணா வேண்டுமென்றே இடது கையைத் தொங்கவிட்டு, மோதிரம் போட்ட வலது கையாலேயே எல்லாரையும் வரவேற்றார். பந்தி நடக்கும்போது அவர் போன் அடித்தது. கம்லா அக்கா. நல்ல சேதி சொல்லலாமே என்று, சாப்பிட வந்திருந்த ராகேஷிடம் கொடுத்தார். ராகேஷ் அவர் லைனில் வேலை செய்கிற பீகார் பையன், தமிழும் ஒரு மாதிரி பேசுவான். அவன் ஸ்பீக்கரைப் போட்டான். பக்கத்து இலை அப்பா.

"அக்கா கேக்குறான், ரிங் கிடைச்சுதா?" என்று ராகேஷ் ஊருக்கே கேட்கும்படி மொழிபெயர்த்தான். "அவன் இன்னும் தேடுறான். குழி ரொம்ப பெருசு ஆச்சு. அதனால அதுல ஆப்பிள் செடி வெச்சான். சார், நீ மண்ணுல விழுந்து அழுதியா?"

பந்தி அப்படியே நின்றது. குணா கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. அப்பா இலையை மூடினார். எழுந்து வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டினேன், கல்லில் ஆரம்பித்து 'டிங்' வரை. திட்டுக்குக் காத்திருந்தேன்.

"அந்த மண்ணு இன்னும் கீதா?" என்றார் அப்பா.

கைப்பையில் ஒரு பொட்டலம் இருந்தது. (நிச்சயதார்த்தத்துக்கு எதற்கு என்று கேட்காதீர்கள்.) உள்ளங்கையில் கொட்டி, கறுப்பைக் கிளறி, கல்லை உருட்டி, மோந்து பார்த்தார். கடைசியில் ஒரு பிடி இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தார். மண் வழிந்தது, கல் நின்றது.

"இதுல நெல்லு நிக்காதே," என்றார். "இதுக்கா இம்மாந்தூரம் போனீங்க?"

பந்தியே வெடித்துச் சிரித்தது. ராகேஷ் அதையும் மொழிபெயர்க்க, போனில் கம்லா அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அந்த ஆப்பிள் செடியின் படம் வருகிறது. பனி பார்க்க மறுபடி போகலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் குணா, போகலாம், ஆனால் ஹோட்டலில் தார்ச்சாலை ஓரமாக அறை வேண்டும் என்கிறார். குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போனாலும் அடிவாரத்தில் மற்றவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள். என் வீட்டுக்காரர் முதலில் மோதிரத்தைக் கழற்றி என் அப்பாவிடம் கொடுப்பார். அப்பாவும் அதை வாங்கித் தன் விரலில் போட்டுக்கொண்டு, மலை இறங்கி வந்ததும் என்னைப் பார்த்தபடியே திருப்பிக் கொடுப்பார்.