ஒரு சொட்டில் ஆண்மை பார்த்த வைத்தியர்

வைத்தியர் வீட்டு வரிசை தெருமுனையில் திரும்பி, பஸ் நிறுத்தம்வரை நீண்டிருந்தது. எல்லாரும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். எல்லார் கையிலும் ரத்தச் சொட்டு வைத்த வெள்ளைத் துணி. வைத்தியர் அதன்மேல் ஒரு காந்தத்தை ஆட்டுவார், கண்ணை மூடுவார், ஆண்களுக்கு மட்டுமே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் நிலவரத்தை அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லிவிடுவார். பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் எதற்கு இருக்கின்றன? பாவம், காந்தம் கிடைக்கவில்லை போலிருக்கிறது!

வரிசையில் ஒரு பஸ் டிரைவர். கூடவே அவர் மனைவி, தையல்காரி. டிரைவருக்குச் சில மாதங்களாகச் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. "ஆஸ்பத்திரியில ஒரு ரத்தப் பரிசோதனைதானேங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"போனா புத்துநோய்ம்பான். ஊசி போட்டு ஹார்மோனையே உறிஞ்சிடுவான். அப்புறம் நான் ஆம்பளையா? வைத்தியரே சொல்லிட்டாரு!"

அன்று காலை, டிரைவர் குளிக்கப் போன நேரத்தில், அவள் அவருடைய துணியை எடுத்து ஒளித்து வைத்தாள். தன் விரலைக் குத்தி வேறொரு துணியில் சொட்டு வைத்து, அதை அந்த இடத்தில் போட்டாள்.

அவர்கள் முறை வந்ததும் வைத்தியர் காந்தத்தை ஆட்டினார். "அடடா! புராஸ்டேட் எலுமிச்சம்பழமாட்டம் வீங்கியிருக்கு. ஆண்மைச் சூடு தலைக்கேறிடுச்சு. நம்ம பொடியச் சாப்பிட்டா சுருங்கிடும்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க ஐயா" என்றாள் தையல்காரி.

"காந்தம் பொய் சொல்லாதும்மா."

"சொல்லுதுங்களே. அது என் ரத்தம். எனக்கு ஏதுங்க புராஸ்டேட்?"

வரிசை முழுக்கத் தலைகள் எட்டிப் பார்த்தன. வைத்தியர் அசரவில்லை. "புருஷன் பொண்டாட்டின்னா ரத்தம் ஒண்ணாயிடும்மா!"

"அப்ப என் பொடிய என் பொண்டாட்டியே சாப்பிடட்டும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு வெடித்தது. வைத்தியருக்கு உடனே தியானம் வந்துவிட்டது. கதவு சாத்தப்பட்டது.

டிரைவர் சிரிக்கவில்லை. "நாலு பேர் முன்னால மானத்த வாங்கிட்டியே."

"போன மானம் திரும்பி வரும். நீங்க போனா வருவீங்களா?"

அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

ரத்தப் பரிசோதனையில், புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு கூடுதலாக இருந்தது. "இத மட்டும் வச்சுப் புற்றுநோய்னு சொல்லிட முடியாது" என்ற டாக்டர், சதைத் துணுக்கையும் எடுத்துப் பார்த்தார். புற்றுநோய்தான். பரவவில்லை, குணப்படுத்தலாம் என்றார்.

"ஹார்மோன் ஊசி?" டிரைவர் கேட்டார்.

"உங்களுக்கு இப்பத் தேவையில்ல. தேவைப்பட்டாலும், என்ன ஆகும்னு சொல்லி, நீங்க சரின்னாதான் போடுவோம்."

டிரைவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வரும்வரை விடவில்லை.

மறுவாரம் வைத்தியர் கதவு திறந்தது. ஒரே ஒரு மாற்றம்: இனி அவர் கண்ணெதிரிலேயே விரலைக் குத்த வேண்டுமாம். வரிசை மறுபடியும் பஸ் நிறுத்தத்தைத் தொட்டது.

ஏமாற்றுகிறவர்கூட உட்கார்ந்து யோசித்துத் தன் முறையைத் திருத்திக்கொண்டார். வரிசையில் நிற்கும் பெரியவர்களே, நீங்கள் எப்போது யோசிப்பதாக உத்தேசம்?