மீனாளுக்கு டாலரில் சம்பளம்

குன்றக்குடி முருகன் துணை

காரைக்குடி

அன்புள்ள மைத்துனர் அழகுசுந்தரம் அவர்களுக்கு, தண்டாயுதபாணி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். ரூபாய் மட்டும் இளைத்திருக்கிறது. போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் கடிதம்.

வங்கியில் முப்பது வருஷம் இருந்த நீங்கள் சொன்னபடி, வீட்டில் இரண்டு அறைகளை வெள்ளைக்காரர்களுக்கு டாலர் கணக்கில் வாடகைக்கு விட்டேன். டாலர் ஏறினால் சும்மா இருந்தாலே வருமானம் ஏறும் என்று அடுப்படியில் நின்று பெருமையடித்தது என் தப்பு. சமையல் செய்யும் மீனாள், “அப்ப எனக்கும் டாலர் கணக்குலயே போடுங்கய்யா. வாரவுக என் பணியாரத்துக்குத்தானே வாராக?” என்றாள். இனி டாலர் இறங்கப் போகிறது என்று அதற்குள் நீங்களே மாற்றி அடித்துச் சொல்லியிருந்ததால், மாதம் இருநூறு டாலர், அன்றைய விலைக்கு ரூபாயாக என்று உடனே ஒப்புக்கொண்டேன். அப்போது ஒரு டாலர் எண்பத்து நாலு ரூபாய். பிறகு தொண்ணூறு! என் வாடகையும் ஏறியது, மறைக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு ஏறியதுதான் எனக்கு உறுத்தியது. போதாததற்குப் பாமாயில் விலையும் ஏறிவிட்டது. அமெரிக்காக்காரன் டாலருக்கும் நம் எண்ணெய்ச் சட்டிக்கும் என்னடி சம்பந்தம் என்றால், “எண்ணெயும் டாலர் குடுத்துத்தான் வெளிநாட்டுல வாங்குறாகளாம்யா. அமெரிக்காவுல வட்டி கூடுனா இங்குட்டு இருக்க பணமும் அங்குட்டு ஓடிருதாம். எல்லாரும் டாலரையே கேட்டா அதுக்குக் கிராக்கிதானே?” என்கிறாள். இதை நீங்கள் ஒரு நாளாவது இப்படிப் புரியும்படி சொன்னதுண்டா?

இனி ரூபாய்ச் சம்பளம்தான் என்றேன். “சரிங்கய்யா” என்றவள் மறுநாள் சிங்கம்புணரியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று உங்கள் அக்கா சுட்ட பணியாரத்தை, அறையில் தங்கியிருந்த பிரான்சுக்காரர் முள்கரண்டியால் குத்த, அது தெறித்து முற்றத்துக்கு உருண்டது. அவர் மனைவி “மீனாள் எங்கே?” என்று நாலு தரம் கேட்டுவிட்டாள். காரை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

“டாலரே போடுறேன், வா தாயி.”

“இறங்குனா குறைச்சுக்கங்கய்யா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

நியாயமான மனுஷி. இப்போது காலையில் நாங்கள் இருவரும் முதலில் பார்ப்பது டாலர் விலையைத்தான். ஏறினால் அன்று எல்லோருக்கும் பால் பணியாரம். நிம்மதியாக இருக்கிறேன். உங்கள் யோசனையையும் மன்னித்துவிட்டேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தண்டாயுதபாணி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டாலர் அறுபது பைசா இறங்கிவிட்டது. சந்தோஷமாக அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன். “வாரவுக பூராம் பிரான்சு ஆளுகளா இருக்காகளேய்யா, அடுத்த மாசத்துலேர்ந்து யூரோவுல போட்டுருங்க” என்கிறாள். யூரோ இறங்குமா? தயவுசெய்து நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.