பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

தனியாக இருப்பவர்கள் சுவரோடு பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். என் விஷயத்தில் சுவர்தான் முதலில் பேசியது. நான் பதில் சொல்லித் தொலைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அறுபதுகளின் தொடக்கம். மதுரையில் டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு எனக்குக் கூக்கால் பள்ளிக்கூடத்தில் வேலை போட்டார்கள். (மேப்பில் தேடினேன், கிடைக்கவில்லை. "மலை மேலதான் எங்கயாச்சும் இருக்கும். நல்ல காத்து" என்று அப்பா தைரியம் சொன்னார்.) பூம்பாறை வரைக்கும் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு போய், மீதி தூரத்தை உருளைக்கிழங்கு மூட்டை சுமக்கும் குதிரைகளின் பின்னால் நடந்தே கடந்தேன்.

ஊரில் எனக்கு மரியாதை அமோகம். எதிரே வரும் ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். பெண்கள், "டீச்சரு, சாப்ட்டீங்களா?" என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "சோலி கெடக்கு டீச்சரு" என்று பூண்டுக்காட்டுக்கு ஓடிவிடுவார்கள். சாயங்காலம் பிள்ளைகள் போனதும் ஏரியிலிருந்து பனிமூட்டம் ஏறிவந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு, மறுநாள் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடும்வரை என் குரலையே நான் கேட்க முடியாது.

என் அறைக்கும் பக்கத்து டீக்கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். கடைக்காரர் பெயர் செல்லையா. பெண்கள் டீக்கடைக்குள் போகிற வழக்கம் கிடையாது. ஆனால் கடைப் பேச்சு முழுக்கப் பலகை இடுக்கு வழியாக என்னிடம் வந்துவிடும். ஈரம், அழுகல் என்று சொல்லியே ஒட்டன்சத்திரம் கமிஷன்காரர்கள் கிழங்கு விலையை இறக்குவது, திருவிழாவுக்கு எந்தத் தெரு வரி கொடுக்கவில்லை என்பது, ரோடு வருமா வராதா என்பது, எல்லாமே. முதல் வாரம் நாகரிகமாகக் காதைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அவர்கள் டீ குடிக்கும் நேரத்துக்கே நானும் காப்பி போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன்.

முகம் தெரியாததால் குரல்களுக்கு நானே பெயர் வைத்தேன். எனக்குப் பிடித்தவர் 'வெண்கலம்'. மணி அடித்த மாதிரிக் குரல். "அவனவன் தனித்தனியா மூட்டையக் கொண்டுபோயி நின்னா, அவுக சொன்னதுதான் வெல. ஊரே சேந்து ஒரே லோடா அனுப்பணும்ப்பா. அதுக்கு மொதல்ல ரோடு வேணும்" என்பார். நான் இந்தப் பக்கம் பலமாகத் தலையாட்டுவேன். அவரை ஆறடி உயரம், முறுக்கு மீசை என்று கற்பனை செய்திருந்தேன்.

பஞ்சாயத்துத் தேர்தல் நெருங்கியது. பழைய தலைவரை எதிர்த்து வெண்கலத்தை நிறுத்த வேண்டும் என்று கடையில் ரகசியப் பேச்சு. (ரகசியம் என்பதால் பலகையை ஒட்டி உட்கார்ந்து பேசினார்கள். எனக்கு இன்னும் வசதி.) ஒரு சாயங்காலம் வெண்கலம் பின்வாங்கினார்.

"வேணாம்ப்பா. பெரிய எடத்துப் பகை. நான் நிக்கல."

"அதுஞ் சரிதான்" என்றார் செல்லையா.

எனக்குத் தாங்கவில்லை. "அதெப்படி நிக்காம இருப்பீங்க? அப்புறம் ரோட்டை யார் கேக்குறது?" என்று வகுப்பறைக் குரலில் கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினால், வாசலில் பால் செம்போடு ராசம்மாக்கா. எனக்குத் தினமும் பால் கொண்டுவரும் புண்ணியவதி. பழைய தலைவரின் மனைவி.

"யாரு டீச்சரு நிக்கணும்?" என்றார்.

"பிள்ளைங்க... பெஞ்சு மேல" என்றேன். (நம்பிவிடுகிற அளவுக்கு அவர் அப்பாவி இல்லை.)

மறுநாளிலிருந்து பால் நின்றது. கடைப் பேச்சும் நின்றது. டீ ஆற்றும் சத்தமும் இருமலும் மட்டும் வரும். யாராவது வாயெடுத்தால், "ஏலே, சொவரு!" என்று செல்லையா அடக்கிவிடுவார். பாவம், குளிரில் நடுங்கிக்கொண்டு ஏரிக்கரையில் போய் அரசியல் பேசினார்கள். நான் கடுங்காப்பியோடு பலகையைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். வந்த புதிதில் எனக்கு யாரும் இல்லை, அது பழகிவிட்டது. இப்போது இருந்தவர்களையும் நானே விரட்டிவிட்டேன். இது பழகவில்லை. போதும், வீட்டுக்கே போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டினேன்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு ஒல்லியான மனிதர் குதிரை கட்டியிருப்பார். தினமும் கும்பிடுவார், பேசியதில்லை. அவரிடம் போய், "ஒரு பெட்டி பூம்பாறைக்குக் கொண்டுபோகணும்" என்றேன்.

"எதுக்கு டீச்சரு கெளம்புறீங்க?"

மணி அடித்தது. வெண்கலம்! என் தோள் உயரம்கூட இல்லை. மீசையும் இல்லை.

"அன்னிக்கு... நான்தான்..." என்று உளறினேன்.

"ஊருக்கே தெரியும் டீச்சரு. இனிமே நிக்காட்டி பயந்துட்டாம்பாங்க. அதனால நிக்கிறேன். உசுப்பிவிட்டுட்டு நீங்க கெளம்புனா எப்படி?"

"ரோடு வந்தா உங்க குதிரைக்கு வேலை இருக்காதேங்க?"

"அதுக்கும் வயசாயிருச்சு. எனக்குந்தான்" என்று குதிரையின் கழுத்தைத் தடவினார்.

பெட்டியை அவிழ்த்தேன். அவர் நின்றார். படுதோல்வி. (என் ஓட்டு மதுரையில் இருந்தது.)

முடிவு தெரிந்த அன்று விளக்குகூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தேன். பலகையை யாரோ தட்டினார்கள்.

"டீச்சரு, இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"நாம தோத்துட்டோம்."

'நாம' என்றார் வெண்கலம். எழுந்து விளக்கை ஏற்றினேன்.

"ரோட்டைத் தலைவரே கேப்பாரா, நாம போயிக் கேக்கணுமான்னு பேசிக்கிட்டு இருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?"

"அவரையும் கூட்டிக்கிட்டுப் போனா என்னங்க?"

"அதுஞ் சரிதான்" என்றார் செல்லையா. ஒரு பலகையை நெம்பி, இடுக்கு வழியாக ஒரு டம்ளர் டீயை நீட்டினார். அந்தச் சூடு இன்னும் கையில் இருக்கிறது. ராசம்மாக்காவும் பிறகு பால் கொண்டுவந்தார். முன்னைவிடத் தண்ணீர் கொஞ்சம் கூடுதல்.

நான் மாற்றலாகிக் கிளம்பும்வரை ரோடு வரவில்லை.

மதுரையில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, அப்பா சும்மா இருக்காமல் கூடத்தில் இந்தக் கதையை எடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் எழுந்து வந்து அடுக்களைச் சுவரைத் தட்டி, "உங்களுக்குச் சம்மதமாங்க?" என்று கேட்டார். நான் "சம்மதம்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்களாம். நான் கத்தி ஜெயித்த ஒரே தேர்தல் அதுதான் என்று அவர் கடைசிவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவர் இல்லை, பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்கள் பக்கத்து அறையில் பேசும்போது நான் இங்கிருந்து வாயைத் திறந்தால் போதும், "அம்மா ஓட்டுப் போட்டாச்சு!" என்று சிரிப்பு கேட்கும்.