பெயர் மாற்றம் நின்றுபோன விவரம்

ஊத்துப்பட்டி,
விஷு வருஷம் ஆடி மாதம் 14ஆம் தேதி.

மகாராஜராஜஸ்ரீ மச்சான் கருத்தக்கண்ணன் அவர்கள் சமூகத்துக்கு, வெள்ளைத்துரை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இந்தத் தேதி வரை இங்கே நானும் தங்கள் தங்கை பாண்டியம்மாளும் சுகம். பிள்ளை காசிமாயன் சுகம். என் பெயரும் சுகமாகவே இருக்கிறது. பெயரின் சுகத்தை எதற்குத் தனியாக எழுதுகிறான் என்று போடி ஏலத்தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு தாங்கள் சிரிப்பீர்கள். போன மாதம் அது பிழைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. ஆவணியில் தங்கள் மகள் முத்துத்தாய்க்கும் என் மகனுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்தும் பத்திரிகை இன்னும் அச்சாகவில்லையே என்று தாங்கள் போட்ட இரண்டு கார்டுக்கும் சேர்த்து இதுதான் பதில்.

காசிமாயன் கல்லுப்பட்டி காந்தி ஆசிரமத்தில் எட்டு மாதம் நூல் நூற்றுவிட்டு வந்தது தாங்கள் அறிந்ததே. நல்ல இடந்தான், குறை சொல்ல மாட்டேன். போகும்போது வெயில் ஏறிய பிறகு எழுந்தவன், இப்போது கோழிக்கு முன்னால் எழுந்து தொழுவத்தைக் கூட்டுகிறான். ஆனால் நம் மண்ணில் பிறக்காத எதுவும் கல்யாண வீட்டில் இருக்கக் கூடாது என்று ஒரு தீர்மானத்தையும் கூடவே கொண்டுவந்தான். அது ஆசிரமத்தில் சொல்லிக் கொடுத்தது அல்ல, வரும் வழியில் பஸ்ஸில் அவனே யோசித்தது. முதல் நாள் தேயிலை டப்பா போயிற்று. மறுநாள் என் குடை போயிற்று. அதற்கப்புறம் மிளகாயும் ஒரு காலத்தில் கப்பலில் வந்த சரக்குதான் என்று யாரோ அவன் காதில் ஓதிவிட, கல்யாணக் குழம்புக்கு மிளகுதான் என்று வந்து நின்றான். தங்கள் தங்கை கரண்டியைக் கீழே வைக்காமலே, அவன் மட்டும் மிளகுக் குழம்பு சாப்பிடட்டும், மற்றவர்கள் கப்பல் குழம்பு சாப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டாள். மிளகாய் தப்பித்தது.

அதோடு விட்டான் என்று நினைத்தேன். பத்திரிகைக்கு வாசகம் எழுத உட்கார்ந்தவன், 'வெள்ளைத்துரை குமாரன்' என்று எழுதக் கை வரவில்லை என்கிறான். நான் பிறந்த சமயம் பெரியாற்று வாய்க்காலுக்கு நிலம் அளக்க வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை எங்கள் வயலில் மோர் வாங்கிக் குடித்தார், அவர் ஞாபகமாக என் அப்பா வைத்த பெயர் இது என்று எனக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லியிருக்கிறார். அப்பா நான் நடக்கத் தொடங்கும் முன்பே போய்விட்டதால் அவரிடம் கேட்டுக்கொள்ள முடியவில்லை. இந்தக் கதையை நானே பெருமையாகப் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தேன், புத்தி இல்லாமல். இப்போது அவன் எனக்குப் 'பாரதமுத்து' என்று பெயர் எழுதிக் காட்டினான். பெயரில் ஒரு குற்றமும் இல்லை, மச்சான். யாருக்காவது பிள்ளை பிறந்தால் நானே சிபாரிசு செய்வேன். ஆனால் ஐம்பத்து மூன்று வயதில் ஒருவனைக் கூப்பிட்டுப் பழக்குவது எப்படி? அதைவிட, நம் வழக்கப்படி நாளைக்குத் தங்களுக்கும் எனக்கும் பிறக்கப்போகும் பேரனுக்கு என் பெயர்தானே வர வேண்டும்? என்னையே மாற்றிவிட்டால் அவன் யார் பெயரைச் சுமப்பான்? அப்பா எனக்கு விட்டுப்போனது அந்தப் பெயர் ஒன்றுதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காது குத்தும்போது கருப்பசாமி முன்னால் சொல்லி வைத்த பெயர், அவரைக் கேட்காமல் எடுக்க முடியாது, அமாவாசையன்று கேட்போம் என்று சொல்லித் தவணை வாங்கினேன். சாமி சொன்னால் கட்டுப்படுகிறேன் என்றான். நானும் அப்படியே சொன்னேன்.

அமாவாசைக்கு நாலு நாள் இருக்கையில் முகூர்த்தச் சேலை எடுக்க மதுரைக்குப் போனோம். வேறு கலப்பில்லாத உள்ளூர்ச் சேலையாக வேண்டும் என்று இவன் கேட்க, தெற்கு மாசி வீதியில் சுங்குடி வியாபாரம் செய்யும் சந்தானம் மெத்தையில் உட்கார வைத்து, நிதானமாக விளக்கினார். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் முக்கும் வேலை அவர்கள் முன்னோர் வடக்கேயிருந்து கொண்டுவந்ததாம். வரும் வழியில் நாலு தேசத்தில் தங்கி நாலு பாஷையை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்ததால் அவர்கள் வீட்டில் பேசும் பேச்சு வடக்கே போனால் இப்போது ஒருத்தருக்கும் விளங்காதாம். நூல் கோயமுத்தூர். சாயம் யுத்தத்துக்கு முன்னால் வந்திறங்கிய ஜெர்மன் டப்பா. அப்படியென்றால் இதில் மதுரை எங்கே இருக்கிறது என்று பிள்ளை கேட்டான். "தண்ணி, தம்பி. வைகைத் தண்ணியில அலசுனாத்தான் இந்தச் செவப்பு நிக்கும். வேற ஊருல முக்கிப் பாத்தாச்சு, வரல" என்றார் சந்தானம். பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். அந்த வைகையில் பாதித் தண்ணீர் மலையாளத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியதுதானே என்று சொல்லிவைத்தேன். செக்கானூரணி வரும் வரை அவன் என்னோடு பேசவில்லை. சேலை மட்டும் எடுத்தாகிவிட்டது. தங்கள் மகளுக்கு நன்றாக இருக்கும்.

அமாவாசையன்று கோயிலில் சாமியாடி மொக்கையன் மேல் கருப்பன் இறங்கினார். வழக்கமாக அவருக்குச் சுருட்டும் ஒரு பாட்டில் பிராந்தியும் வைப்போம். அன்றைக்குப் படையல் பிள்ளை பொறுப்பு. பானகமும் கடலை உருண்டையும் வைத்திருந்தான். சாமி பானகத்தை ஒரு வாய் குடித்தார். செம்பைத் திருப்பிப் பார்த்தார். இதென்னடா என்று கேட்டதற்கு, சீமைச் சரக்கு வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம் சாமி என்று பிள்ளை கைகட்டிக்கொண்டு பணிவாகவே சொன்னான். கருப்பன் செம்பைக் கீழே வைத்துவிட்டு அரிவாளை ஊன்றிக்கொண்டார். அப்புறம் சொன்னார்:

"என்னய மலையாளத்துலருந்து உன் பாட்டன் பெட்டியில வச்சுத் தலையில தூக்கியாந்தான்டா. வெளிய இருந்து வந்ததெல்லாம் போகணும்னா மொதல்ல என்னய வண்டி ஏத்தி விடு. நான் போறேன்."

மொக்கையனுக்குப் பானகம் பிடிக்காததுதான் இதற்குக் காரணம் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். நான் அதற்குள் போகவில்லை. பெயர் விஷயத்தை நான் கேட்க வேண்டிய நேரம். 'சாமி, இந்த வெள்ளைத்துரை' என்று தொடங்கினேன், முடிக்கவில்லை. மச்சான், தங்களிடம் மறைப்பானேன், அழுதுவிட்டேன். பிள்ளை என்னைப் பார்த்தான். பிறகு யாரிடமோ ஒரு சுருட்டு வாங்கி, அவன் கையாலேயே பற்றவைத்துச் சாமிக்குக் கொடுத்தான். பிராந்தி மட்டும் முடியாது என்றான். சாமியும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. திருநீறு பூசி அனுப்பினார்.

திரும்பும்போது வண்டியை அவன்தான் ஓட்டினான். கண்மாய்க்கரை தாண்டியதும் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "தொர எவனா வேணா இருந்துட்டுப் போறான். அம்பது வருசமா அது ஒங்க பேருய்யா. எனக்கு அது புடிக்கல. இருந்தாலும் எம்மகனுக்கு அதத்தான் வைப்பேன்."

இம்புட்டு வயசுக்கு எனக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை. மறுநாளே பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. என் பெயர் முதல் வரியில், தடித்த எழுத்தில் வருகிறது. தாங்கள் தாய்மாமனாகவும் சம்பந்தியாகவும் இரட்டை மரியாதையோடு நாலு நாள் முன்னதாகவே வந்து சேர வேண்டியது. முத்துத்தாய்க்கு எங்கள் ஆசீர்வாதம். கருப்பன் எல்லாரையும் இருந்த இடத்தில் இருந்தபடியே காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
வெள்ளைத்துரை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் அவனியாபுரத்தில் வாக்கப்பட்ட என் அப்பா கூடப் பிறந்த சின்னத்தாய் அத்தை கல்யாணத்துக்கென்று வந்து இறங்கினாள். நடந்ததைச் சொன்னேன். அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எந்தத் தொரைடா? உங்கப்பனுக்கு வெள்ளைக்காரனக் கண்டாலே ஆகாது. நீ பொறந்த தைக்கி எங்கூரு மஞ்சுவிரட்டுல உங்கப்பனத் தூக்கிப் போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போச்சே ஒரு வெள்ளக் காள, அது பேருடா அது. அந்த நடையப் பாத்து மயங்கி ஒனக்கு வச்சான்" என்றாள். அந்தக் காளை கோரிப்பாளையத்து ராவுத்தர் ஒருவருடையதாம். காளைக்கு அந்தப் பெயரை வைத்ததும் அவர்தானாம். மச்சான், இதைத் தங்களோடு வைத்துக்கொள்ளவும், முத்துத்தாயிடமும் மூச்சு விட வேண்டாம். நாட்டுக் காளையின் பெயர் என்று தெரிந்தால் காசிமாயன் சந்தோஷப்படுவான், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். எனக்கு அதுதான் பயம். பிடிக்காத பெயரை அவன் இப்போது எனக்காக ஏற்றுக்கொண்டிருக்கிறான். விஷயம் தெரிந்தால் மாட்டுக்காக ஏற்றுக்கொண்டுவிடுவான்.